அடுத்த எம்3க்குக் காத்திருப்பதா, இருப்பதையே வாங்கிவிடுவதா?

பிஎம்டபிள்யூவின் அதிவேக மாடலான எம்3 வாங்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிடக் குழப்பமான நேரம் வாய்க்காது. ஜி80 என்று அழைக்கப்படும் இப்போதைய தலைமுறை 2020 செப்டம்பரில் அறிமுகமானது, கார்களின் கணக்கில் அது ஓய்வுபெறும் வயது. அடுத்து, எம்3 நிற்கும் இடத்தில் முழு மின்சார செடான் ஒன்று 2027-ல் வரும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எம்3யும் கூடவே தொடரும் என்றும் சொல்கிறார்கள். ஆக, கைக்கு எட்டுவது ஒன்று, வரப்போவது இரண்டு. போதாததற்குப் பழைய எம்3களும், போட்டி நிறுவனங்களின் கார்களும் வேறு இருக்கின்றன.

இந்த நேரத்தில் ரசிகர்களின் ஆசைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எடை குறைய வேண்டும், நீளம் குறைய வேண்டும், மேனுவல் கியர் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் பேச வேண்டும், பொத்தான்கள் திரும்பி வர வேண்டும், முன்முகத்தின் அந்தப் பெரிய கிரில் ஒழிய வேண்டும், சத்தம் சத்தமாக இருக்க வேண்டும். இவை எல்லாமே நியாயமான ஆசைகள்தான். ஆனால் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில ஆசைகள் புது வடிவமைப்பில் நிறைவேற வாய்ப்புள்ளவை, சில எத்தனை தலைமுறை போனாலும் இனி திரும்பாதவை. என்னைக் கேட்டால், உங்கள் ஆசை இதில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே காத்திருப்பதா வாங்குவதா என்பது பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

எடையும் நீளமும்

இதில் நம்பிக்கை வைக்காதீர்கள். 2000-ல் வந்த இ46 எம்3 சுமார் 4.49 மீட்டர் நீளம், ஜி80 சுமார் 4.79 மீட்டர். முப்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. 2014-ல் வந்த எஃப்80 மட்டும்தான் எடை விஷயத்தில் கொஞ்சம் பின்னோக்கி நடந்தது: கார்பன் கூரை, கார்பன் டிரைவ்ஷாஃப்ட் என்று பாடுபட்டு 1,520 கிலோவை ஒட்டி நிறுத்தினார்கள். ஜி80 மேனுவல் 1,700 கிலோவைத் தாண்டியது, நான்கு சக்கர இயக்கம் உள்ளது இன்னும் எழுபது எண்பது கிலோ கூடுதல். இத்தனைக்கும் எஃப்80-யை விட ஜி80 ஒன்றும் உள்ளே இரண்டு பேருக்குக் கூடுதலாக இடம் தரவில்லை.

ஏன் குறையாது என்கிறேன் என்றால், எடை ஏறிய காரணங்கள் எதுவும் விலகவில்லை. மோதல் பாதுகாப்பு, அகலமான தடம், பெரிய பிரேக், பெரிய சக்கரம், நான்கு சக்கர இயக்கம், உள்ளே குவியும் வசதிகள். இதோடு ஐரோப்பாவின் யூரோ 7 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2026 நவம்பரிலிருந்து புதிய மாடல்களுக்குப் பொருந்துகின்றன, அதற்கு ஈடுகொடுக்கும் சாதனங்கள் எடையில் கழியாது, கூடத்தான் செய்யும். 2023-ல் வந்த, எடை குறைத்த சிறப்புப் பதிப்பான எம்3 சிஎஸ்ஸைப் பாருங்கள். கார்பன் பானட், கார்பன் இருக்கை, டைட்டானியம் சைலன்சர் எல்லாம் போட்டும் குறைந்தது இருபது முப்பது கிலோதான். தொழிற்சாலையே கச்சை கட்டிக்கொண்டு இறங்கியபோது கிடைத்த பலன் அவ்வளவு. அடுத்த காரில் நூறு கிலோ குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எடை குறைவாக வேண்டும் என்றால் நீங்கள் திரும்ப வேண்டியது பின்பக்கம், முன்பக்கம் அல்ல.

ஸ்டீயரிங்

இங்கேதான் எனக்கு உண்மையான எதிர்பார்ப்பு இருக்கிறது. எஃப்80 வந்தபோது ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போய் மின்சார ஸ்டீயரிங் வந்தது, அதோடு சாலை கையில் பேசுவது நின்றுபோனது என்பது பரவலான குற்றச்சாட்டு. பாதி உண்மை. மின்சார ஸ்டீயரிங் என்பதாலேயே உணர்வு செத்துவிடும் என்றால் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோவை எப்படி விளக்குவது? அதிலும் மின்சார ஸ்டீயரிங்தான், 11.8க்கு 1 என்ற மிக வேகமான விகிதம் வேறு, ஆனாலும் ஓட்டியவர்கள் வாய்விட்டுப் பாராட்டுகிறார்கள். வித்தியாசம் முன் சஸ்பென்ஷனிலும் டயரிலும் இருக்கிறது. ஜூலியாவின் முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் கைகள் பிடிக்கும் வகை), முன் டயரின் அகலம் 245 மில்லிமீட்டர். ஜி80-யின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை (கை கீழே மட்டும், மேலே ஷாக் அப்சார்பரே தாங்கும்), டயர் 275. இ46 எம்3யின் முன் டயர் 225 மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். ரப்பர் அகலமாக ஆகப் பிடிப்பு ஏறும், ஆனால் பிடிப்பு எங்கே தளர ஆரம்பிக்கிறது என்ற சேதி மங்கும், சாலையின் பள்ளமேடுகளுக்கெல்லாம் ஸ்டீயரிங் அங்குமிங்கும் இழுக்கவும் செய்யும், அதை அடக்க மென்பொருள் வடிகட்டும், வடிகட்டியபின் மிஞ்சுவதுதான் நம் கைக்கு வரும்.

இதைச் சரிசெய்யப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, மனம் இருந்தால் போதும். அடுத்த பெட்ரோல் எம்3க்கு 255 முன் டயரும் நல்ல முன் சஸ்பென்ஷனும் கொடுத்தால் குதிரைத்திறனை ஒன்றுகூட ஏற்றாமலேயே விமர்சகர்கள் கொண்டாடுவார்கள். கொடுப்பார்களா? ரேஸ் டிராக்கைச் சுற்றிவரும் நேரத்தை விளம்பரத்தில் போட ஆசைப்படும்வரை கொடுக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். ஆனாலும் நடக்கக்கூடிய ஆசைகளில் இது முதலிடம்.

மேனுவல் கியர்

இதில் தெளிவாகவே சொல்லிவிடலாம். மேனுவல்தான் உங்கள் காரணம் என்றால், காத்திருக்க வேண்டாம்.

ஜி80-யில் ஆறு கியர் மேனுவல் கிடைப்பது 480 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கர இயக்க மாடலில் மட்டும். அதன் டார்க், அதாவது முறுக்குவிசை, 550 நியூட்டன் மீட்டர். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் உள்ள, சக்தி கூடிய காம்பெடிஷன் மாடலில் அதே ஆறு சிலிண்டர் இன்ஜின் 650 தருகிறது. இந்த நூறு நியூட்டன் மீட்டர் இடைவெளி தற்செயலாக வந்ததல்ல, மேனுவல் கியர்பாக்ஸ் தாங்கும் எல்லையை ஒட்டியே இன்ஜினை அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் பக்கம் 510-ல் தொடங்கி 2024 மாற்றத்தில் நான்கு சக்கர இயக்க மாடல் 530 வரை ஏறியபோதும் மேனுவல் 480-லேயே நின்றது. அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் கூடுதல் சக்தியும், ஏதோ ஒரு வகை மின்சார உதவியும் கொண்டு வரும்போது அதற்கேற்ற புதிய மேனுவல் கியர்பாக்ஸை யார் உருவாக்குவது? அதற்கான செலவை எடுக்கும் அளவுக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? மின்சாரக் காரில் இந்தக் கேள்வியே எழாது.

ஜி80-யின் மேனுவல் உலகிலேயே மிகச் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. கியர் விழும்போது கொஞ்சம் ரப்பர் போன்ற இழுவை உண்டு. ஆனால் 0-100 வேகத்தில் காம்பெடிஷனை விட 0.3 நொடி பின்தங்கும் இந்தக் கார்தான் இந்த வரிசையிலேயே ஓட்டுநருக்கு அதிக வேலை தருவது, அதைத்தானே கேட்கிறோம்?

முகமும் உள்அறையும்

கிரில் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பிஎம்டபிள்யூவின் அடுத்த தலைமுறை வரிசையான நோயே கிளாஸ் கார்களின் முகம் வேறு, செடான்களில் அகலவாக்கில் ஓடும் மெல்லிய வடிவம். ஜி80-யின் நெட்டுக்குத்தான கிரில்லைப் பிடிக்காதவர்களின் ஆசை நிறைவேறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பொத்தான்கள் விஷயம் நேர் எதிர். ஜி80 முதலில் வந்தபோது ஐடிரைவ் 7 என்ற திரை அமைப்பு இருந்தது, ஏசிக்குத் தனிப் பொத்தான்கள் இருந்தன. 2022-ல் வளைந்த திரை வந்ததும் அவை திரைக்குள் போய்விட்டன. 2025 செப்டம்பரில் வெளியான புதிய மின்சாரக் காரான ஐஎக்ஸ்3-ல் முன்கண்ணாடியின் அடிவிளிம்பு முழுக்க நீளும் காட்சிப் பட்டை, நடுவில் பெரிய தொடுதிரை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக பிஎம்டபிள்யூவின் அடையாளமாக இருந்த, திரையை இயக்கும் அந்தச் சுழல்குமிழையே எடுத்துவிட்டார்கள். இனி வரும் எம் கார்களும் இதே பாதையில்தான் போகும். வேகமாகப் போகும்போது பார்வை சாலையை விட்டு அகலாமல் கைபழக்கத்தில் ஒன்றைத் திருப்ப முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உணர்ந்தவர்கள் 2022-க்கு முந்தைய ஜி80-யைத் தேடுவதில் ஆச்சரியமே இல்லை.

பிளக்-இன் ஹைபிரிட்: பயப்படக் காரணம் உண்டு

பெட்ரோல் எம்3யில் என்ன மாதிரி மின்சார உதவி சேரும் என்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. 48 வோல்ட் சிறு உதவி என்றால் பரவாயில்லை, சில பத்துக் கிலோவோடு போய்விடும். பெட்ரோல் இன்ஜினோடு, வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த பிளக்-இன் ஹைபிரிட் என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே இரண்டு பாடங்கள் கண்முன் இருக்கின்றன.

முதலாவது மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63. முந்தைய சி63-ல் 4.0 லிட்டர் வி8, அதற்கும் முந்தையதில் டர்போவே இல்லாத 6.2 லிட்டர் வி8. 2022-ல் வந்த புதியதில் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ, பின்அச்சில் 204 குதிரைத்திறன் மோட்டார். மொத்தம் 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் அசுர பலம். ஆனால் எடை 2.1 டன்னுக்கு மேல், பேட்டரி 6.1 கிலோவாட் மணி, மின்சாரத்தில் மட்டும் ஓடுவது 13 கிலோமீட்டர். அந்தப் பேட்டரி தூரம் போவதற்காக வடிவமைத்தது அல்ல, சட்டென்று சக்தியைக் கொட்டி மறுபடி உறிஞ்சிக்கொள்வதற்காக. பொறியியலாக அது பிரமாதம்தான், ஒவ்வொரு செல்லையும் நேரடியாகத் திரவத்தால் குளிர்விக்கிறார்கள். ஆனால் சி63 வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார்? காலையில் ஸ்டார்ட் செய்தால் அக்கம்பக்கம் எழுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. வி8 போன இடத்தில் எத்தனை எண்களைக் கொண்டுவந்து அடுக்கினாலும் அது நிரம்பவில்லை.

இரண்டாவது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2024-ல் வந்த புதிய எம்5: 4.4 லிட்டர் வி8, கூடவே மின்மோட்டார், சேர்ந்து 727 குதிரைத்திறன். முந்தைய எம்5 காம்பெடிஷன் 625. நூறு கூடியிருக்கிறது. நிறுவனம் சொல்லும் 0-100 நேரம்? பழையது 3.3 நொடி, புதியது 3.5. எடை 2.4 டன்னைத் தாண்டியதன் விளைவு இது. நீண்ட பயணத்தில் அற்புதமான கார், மின்சாரத்திலேயே அறுபது கிலோமீட்டருக்கு மேல் சத்தமில்லாமல் போகும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே மருந்தை எம்3க்குக் கொடுத்தால் நோயாளி தாங்க மாட்டார்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், பதில் சோதனைச்சாலையில் இருக்கிறது. ஐரோப்பாவில் நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் கரியமில வாயு சராசரிக்கும் உச்சவரம்பு உண்டு. பிளக்-இன் ஹைபிரிட்டை அளக்கும்போது, ஓட்டுநர் அடிக்கடி சார்ஜ் செய்து மின்சாரத்திலேயே பெரும்பகுதி ஓட்டுவார் என்று கணக்கிலேயே ஒரு சலுகை தருகிறார்கள். அதனால்தான் அந்த எம்5 அறிமுகமானபோது அதன் அதிகாரபூர்வ எரிபொருள் செலவு 100 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர் என்று போட முடிந்தது. வி8! இந்தச் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2025-லிருந்து இறுக்கிவருகிறது, 2027-ல் இன்னும் இறுகுகிறது. அந்த இறுக்கம் எம்3யைக் காப்பாற்றும் என்றே நினைக்கிறேன். பிளக்-இன்னால் கிடைக்கும் லாபம் குறையக் குறைய, அதற்காக நானூறு கிலோவைச் சுமக்கும் ஆசையும் குறையும்.

மின்சார எம்3

ரசிகர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் அப்படி இல்லை. பாதிக்கிணறு தாண்டும் ஹைபிரிட்டை விட முழுதாகத் தாண்டும் மின்சாரமே மேல்.

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள் என்பதுதான் திட்டம். இதன் பொருள் பெரிது. இப்போதைய எம்3யின் பின் டிஃபரென்ஷியல் இடது வலது சக்கரங்களுக்கு இடையே டார்க்கைப் பங்கிட மட்டும்தான் முடியும். நான்கு மோட்டார் என்றால் உள்சக்கரத்தைப் பின்னிழுத்துக்கொண்டே வெளிச்சக்கரத்தைத் தள்ளலாம், அதுவும் கண் இமைப்பதற்குள் பலமுறை. இயக்கம், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் ஒரே கணினியில் கொண்டுவந்து 'ஹார்ட் ஆஃப் ஜாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஓவர்தான், சரக்கு உண்மையானது. (2025-ல் காட்டிய சோதனைக் காருக்கு 18,000 நியூட்டன் மீட்டர் என்று விளம்பரம் செய்தார்களே, அது சக்கரத்தில் அளந்த கணக்கு. இன்ஜின் டார்க்கோடு அதை ஒப்பிட்டு மயங்க வேண்டாம்.)

சத்தமும் கியரும் இல்லாமல் என்ன சுகம் என்பவர்களுக்கு ஹூண்டாய் ஐயோனிக் 5 என் ஒரு பதில் வைத்திருக்கிறது. பொய்க் கியர், பொய்ச் சத்தம், கியர் மாற்றாமல் விட்டால் பொய்யாகவே இன்ஜின் சுழற்சியின் உச்சவரம்பில் முட்டி நிற்பதும் உண்டு. கேட்கும்போது விளையாட்டுச் சாமானாகத் தெரியும், ஆனால் வளைவுக்கு முன் எவ்வளவு வேகத்தில் இருக்கிறோம் என்பதைக் காது வழியாகவே தெரிந்துகொள்ள அது உண்மையிலேயே உதவுகிறது என்று கறாரான விமர்சகர்களே ஒப்புக்கொண்டார்கள். மின்சார எம்3யிலும் இதுபோன்ற ஒன்று வரும் என்பதால் இந்தப் பக்கம் நம்பிக்கையோடு பார்க்கலாம்.

குறை எடைதான். இரண்டு டன்னுக்குக் கீழே இது வராது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சக்கரங்களை ஆட்டுவித்தாலும் டயரும் பிரேக்கும் அந்தச் சுமையைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அடிக்கடி ரேஸ் டிராக்குக்குப் போகிறவருக்கு இன்னொரு சங்கடம்: இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் பேட்டரி எங்கே போய் நிற்கும், அங்கே அதிவேக சார்ஜர் இருக்குமா என்பது. தினசரி ஓட்டுவதற்கு என்றால், 800 வோல்ட் அமைப்பில் சார்ஜ் ஏறும் வேகம் கவலைப்படும் விஷயமாக இருக்காது.

பழையவையும் போட்டியாளர்களும்

சுருக்கமாகவே சொல்கிறேன். 2007-08-ல் வந்த இ90 செடான், 4.0 லிட்டர் வி8, நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை சுழலும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். இதற்கு இணையான அனுபவம் புதிய கார் எதிலும் கிடையாது. ஆனால் கனெக்டிங் ராட் பேரிங் தேய்வதும் த்ராட்டில் ஆக்சுவேட்டர் போவதும் ஊரறிந்த கதை, பேரிங்கை முன்கூட்டியே மாற்றிய ரசீது இல்லாத காரைத் தொடாதீர்கள். இ46 அழகு, ஆனால் அதில் செடானே கிடையாது, பின் தரைத்தகட்டில் விரிசலும் பார்க்க வேண்டும். எஃப்80 எடை குறைவு, மேனுவல் உண்டு, ஆனால் இன்ஜினின் குணம் கொஞ்சம் முரட்டுத்தனம், சக்தியை ஏற்றி மாற்றியமைத்த காராக இருந்தால் இன்ஜினின் கிராங்க் ஹப் நழுவும் சிக்கல் பற்றிக் கேளுங்கள்.

போட்டியில் ஜூலியா குவாட்ரிஃபோலியோ ஓட்டுவதற்கு இனியது, மேனுவல் அரிது. காடிலாக் சிடி5-வி பிளாக்விங்தான் கனவுக் கார்: சூப்பர்சார்ஜ் செய்த 6.2 லிட்டர் வி8, 668 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இயக்கம். ரசிகர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்த கார் போல இருக்கும். விற்கும் நாடுகள் குறைவு என்பதுதான் தடை. கிடைக்கும் இடத்தில் இருப்பவர் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திக்கொண்டு போய் ஒன்றைப் பார்க்கலாம்.

அப்படியென்றால் யார் எதைச் செய்வது?

மேனுவல், பொத்தான்கள், கையாளக்கூடிய எடை இவற்றில் இரண்டேனும் உங்கள் பட்டியலில் மேலே இருந்தால் ஜி80-யை இப்போதே எடுங்கள். காத்திருந்தால் இவை மூன்றும் கைநழுவிப் போகுமே தவிர நெருங்கி வராது. ஸ்டீயரிங், முகம், சீரான சக்தி, புதுத் தொழில்நுட்பம் இவைதான் முக்கியம் என்றால் பொறுங்கள், ஆனால் முதல் ஆண்டு வாங்காதீர்கள். எம்3யின் வரலாற்றில் நல்லவை கடைசியில்தான் வரும்: இ46-ல் சிஎஸ்எல் 2003-ல், எஃப்80-ல் சிஎஸ் 2018-ல், ஜி80-ல் சிஎஸ் 2023-ல். அதாவது புதியதற்காகக் காத்திருப்பது என்றால் அறிமுக நாள்வரை மட்டுமல்ல, அதற்கப்புறம் இன்னும் மூன்று நான்கு ஆண்டும் சேர்த்துத்தான். அதுவரை பொறுமை உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் நகரத்தில் ஓட்டி, வீட்டிலேயே சார்ஜ் செய்யும் வசதி உள்ளவர் மட்டும் மின்சார எம்3யை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஜி80 என்று முடிவானால் நான் தேடுவது இதுதான்: 2021 அல்லது 2022 தொடக்கத்தில் தயாரான மேனுவல், ஐடிரைவ் 7, சாதாரண இரும்பு பிரேக். கார்பன் செராமிக் பிரேக் பார்க்க ஜோர், மாற்ற வேண்டிவரும் நாளில் கண் கலங்கும். அப்புறம் அந்த கார்பன் பக்கெட் இருக்கை. தொடைகளுக்கு நடுவே கார்பன் திண்டு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், ஆட்டோமேட்டிக்கில் அது பெரிதாகத் தெரியாது, மேனுவலில் கிளட்சுக்குப் போகும் இடதுகால் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்ட வேண்டும். ஷோரூமில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வராமல், நெரிசலில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சாதாரண இருக்கை உள்ள காரோடு ஒப்பிடுங்கள்.